திரைக் கணக்கும் ஜன்னல் கணக்கும்

கணிப்பொறியில் புரோகிராம் எழுதப் பழகும் பிள்ளைகள் அநேகமாக எல்லோரும் ஒரு கட்டத்தில் ஒரே இடத்தில் தடுமாறுவார்கள். மவுஸை ஓர் இடத்தில் அழுத்தினால் புள்ளி வேறோர் இடத்தில் விழும். நாம் தொட்டது ஒன்று, கணிப்பொறி எடுத்துக்கொண்டது வேறொன்று. நம் சங்கக் குடும்பங்களில் இன்று பல பிள்ளைகள் பள்ளி நாளிலேயே புரோகிராம் எழுதத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுக்கு வீட்டில் இதைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஒரு கட்டுரை இருந்தால் நல்லது என்று சில பெற்றோர்கள் கேட்டுக்கொண்டார்கள். கூட்டல், கழித்தல் தெரிந்தவர் எவரும் இதைப் புரிந்துகொள்ளலாம்.

விஷயத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: ஓர் இடத்தைக் குறிக்கும் எண்ணுக்குத் தனியாக அர்த்தம் கிடையாது. 'எங்கிருந்து அளந்தது?' என்ற கேள்விக்குப் பதில் தெரிந்தால்தான் அந்த எண் பயன்படும்.

மேஜையும் செய்தித்தாளும்

முதலில் கணிப்பொறியை அணைத்துவிட்டு உணவு மேஜைக்கு வாருங்கள். மேஜையின் மேல் ஒரு செய்தித்தாளை விரியுங்கள். அதன்மேல் ஒரு நாணயத்தை வையுங்கள். தையல் டேப்பால் மேஜையின் இடது மேல் மூலையிலிருந்து நாணயம் வலப்பக்கம் எவ்வளவு தூரம், கீழே எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதுங்கள். பிறகு செய்தித்தாளின் இடது மேல் மூலையிலிருந்து அதே நாணயத்தை அளந்து எழுதுங்கள். நாணயம் ஒன்றுதான், ஆனால் இரண்டு ஜோடி எண்கள் கிடைக்கும்.

இப்போது நாணயத்தோடு சேர்த்துச் செய்தித்தாளை ஒரு சாண் வலப்பக்கம் இழுங்கள். மேஜைக் கணக்கு மாறிவிடும். தாளின் கணக்கு மாறாது. நாணயம் எந்தச் செய்தியின்மேல் இருந்ததோ அதே செய்தியின்மேல்தான் இருக்கிறது.

மேஜைதான் கணிப்பொறியின் திரை. செய்தித்தாள்தான் 'விண்டோ' என்று நாம் சொல்லும் ஜன்னல். நாணயம் மவுஸின் அம்புக்குறி. மேஜையிலிருந்து அளந்தவை திரை ஆயத்தொலைகள். தாளிலிருந்து அளந்தவை ஜன்னல் ஆயத்தொலைகள். அளவு தொடங்கும் மூலைக்கு ஆதிப்புள்ளி என்று பெயர். இரண்டு கணக்குக்கும் இடையே உள்ள வித்தியாசம், மேஜையின் மூலையிலிருந்து தாளின் மூலை எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுதான். எனவே சூத்திரம் இது:

ஜன்னல் கணக்கு = திரைக் கணக்கு − ஜன்னலின் ஆதிப்புள்ளி
திரைக் கணக்கு = ஜன்னல் கணக்கு + ஜன்னலின் ஆதிப்புள்ளி

கணிப்பொறி உலகில் ஒரு சிறு வித்தியாசம் உண்டு. பள்ளிக் கணக்கில் மேலே போகப் போக 'ஒய்' கூடும். திரையில் கீழே போகப் போகக் கூடும். நாம் எழுதும் தாளில் முதல் வரி மேலே இருந்து தொடங்குவதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பூண்டுத் தோட்டமும் ஒரு தவறும்

ஓர் உண்மையான உதாரணத்தோடு பார்ப்போம். என் சொந்த ஊர் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், தேவிகுளம் தாலுகாவில் உள்ள வட்டவடை. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன், பாம்பாடும் சோலை வழியாக உள்ளே போகவேண்டும். 1956இல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளம் கேரளத்தோடு சேர்ந்தது. ஊரில் பெரும்பாலோர் பேசுவது தமிழ். மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டிப் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், கோஸ் என்று பயிர் செய்வார்கள். காந்தல்லூர் வட்டவடைப் பூண்டு புவிசார் குறியீடு பெற்றது என்பதைப் பலரும் அறிந்திருப்பீர்கள்.

கேரளத்தில் பள்ளிப் பாடநூல்கள் மலையாளம், ஆங்கிலம் தவிரத் தமிழிலும் கன்னடத்திலும் அச்சாகின்றன. கணிப்பொறிப் பாடமும் அப்படியே. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் 'பைத்தான்' என்னும் மொழியில் சிறு புரோகிராம்கள் எழுதப் பழகுகிறார்கள். அங்கே படிக்கும் என் அண்ணன் மகள் விடுமுறையில் தானாகவே ஒன்று எழுதினாள். எங்கள் நிலத்தின் படத்தை ஒரு ஜன்னலில் காட்டி, எந்தத் துண்டைத் தொட்டாலும் அதில் உள்ள பயிரின் பெயரைச் சொல்லவேண்டும் என்பது அவள் எண்ணம். எழுதி முடித்ததும் எனக்குத் தொலைபேசினாள்.

"சித்தப்பா, நான் பூண்டைத் தொட்டா உருளைக்கிழங்குன்னு சொல்லுது. நேத்துச் சரியாத்தான் இருந்துச்சு."

"ஜன்னலைக் கொஞ்சம் நகர்த்திப் பாரும்மா. தப்பும் கூடவே நகருதா?"

நகர்த்திப் பார்த்தாள். நகர்ந்தது. மவுஸ் எங்கே இருக்கிறது என்று அவள் கணிப்பொறியைக் கேட்டபோது அது திரையின் மூலையிலிருந்து அளந்து சொல்லியிருக்கிறது. படத்தில் பயிர்களின் எல்லையோ ஜன்னலின் மூலையிலிருந்து குறிக்கப்பட்டிருந்தது. முதல் நாள் ஜன்னல் திரையின் இடது மேல் மூலையை ஒட்டித் திறந்திருந்ததால் இரண்டு கணக்கும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. தவறு வெளியே தெரியவில்லை.

அவளுடைய கணக்கை எண்களோடு போட்டுப் பார்ப்போம். திரையில் மவுஸ் இருந்த இடம் (560, 400). ஜன்னலின் உட்பகுதி தொடங்கும் இடம் (200, 150). கழித்தால்:

560 − 200 = 360
400 − 150 = 250

ஆக ஜன்னல் கணக்கில் (360, 250). 'டிகேஇன்டர்' என்னும் பைத்தான் கருவியில் ஜன்னலின் உட்பகுதி எங்கே தொடங்குகிறது என்பதை 'வின்ஃபோ ரூட்எக்ஸ்', 'வின்ஃபோ ரூட்ஒய்' என்ற இரண்டு கட்டளைகள் சொல்லிவிடும். அவற்றைக் கழித்ததும் பூண்டு பூண்டாயிற்று.

'உட்பகுதி' என்றதைக் கவனியுங்கள். ஒரு ஜன்னலுக்கு வெளிச்சட்டம், தலைப்புப் பட்டை எல்லாம் உண்டு. நாம் படம் வரைவது அவற்றுக்கு உள்ளே இருக்கும் இடத்தில். சட்டத்தின் மூலையைக் கழித்தால் தலைப்புப் பட்டையின் உயரம் அளவுக்குப் பிழை மிஞ்சும். நிலைப்படி அகலத்தையும் சேர்த்து அறையின் நீளத்தைச் சொல்வதுபோல் ஆகிவிடும்.

ஒரு கழித்தலோடு முடியுமா?

சிறிய புரோகிராமில் முடிந்துவிடும். படம் பெரிதாகும்போது இதே வேலையைப் படிப்படியாகத் திரும்பச் செய்யவேண்டும். அதே நிலப்படத்தையே எடுத்துக்கொள்வோம். ஜன்னலுக்குள் இடப்பக்கம் பொத்தான்கள், மேலே ஒரு பட்டை. எனவே படப்பலகை ஜன்னலுக்குள் (80, 40) என்ற இடத்தில் தொடங்குகிறது. கழித்தால் பலகைக் கணக்கில் (280, 210).

படம் பலகையைவிட நீளமானது. 300 புள்ளி கீழே உருட்டிவிட்டிருக்கிறோம். மேலே மறைந்துபோன 300ஐக் கூட்டவேண்டும். (280, 510). இங்கே கழிப்பதற்குப் பதில் கூட்டுகிறோம். ஜன்னல் நகர்ந்தால் படமும் கூடவே வரும். உருட்டும்போது ஜன்னல் நிற்க, படம் மட்டும் மேலே போகிறது. அதுதான் காரணம்.

படத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கிப் பார்க்கிறோம் என்றால் இரண்டால் வகுக்கவேண்டும். (140, 255). படத்தில் ஒரு புள்ளி நிலத்தில் அரை மீட்டர் என்று வைத்தால், படத்தின் மேல் பக்கம் வடக்கு என்ற கணக்கில், வடமேற்கு மூலையிலிருந்து கிழக்கே 70 மீட்டர், தெற்கே 127.5 மீட்டர். மேஜையில் வைத்திருக்கும் மவுஸ் அழுத்தலில் தொடங்கி, மலைச்சரிவில் ஒரு பாத்தி வரைக்கும் வந்துவிட்டோம். ஒவ்வொரு படியிலும் கேட்டது ஒரே கேள்விதான்: இப்போது எங்கிருந்து அளக்கிறோம்?

பைத்தானில் 'டர்ட்டில்' என்னும் ஆமையை வைத்துக் கோலம் போட்டுப் பழகிய பிள்ளைகளுக்கு இன்னொரு குழப்பம் வரும். ஆமையின் ஆதிப்புள்ளி நடுவில் இருக்கிறது. மேலே போனால் 'ஒய்' கூடும். ஜன்னலின் உட்பகுதி 600 அகலம், 400 உயரம் என்றால் நடுப்புள்ளி (300, 200). ஜன்னல் கணக்கில் (360, 250) என்பது ஆமைக் கணக்கில் 360 − 300 = 60, 200 − 250 = −50. இரண்டாவதில் வரிசை திரும்பியிருப்பதைப் பாருங்கள். திசை மாறியதால் கழிக்கும் வரிசையும் மாறியது.

ஆயத்தக் கட்டளைகள்

இந்த வேலை அடிக்கடி தேவைப்படுவதால் எல்லாக் கருவிகளிலும் இதற்கென்று கட்டளை உண்டு. பெயர்களைக் கேட்டாலே வேலை விளங்கும். விண்டோஸில் 'ஸ்கிரீன் டு கிளையன்ட்', எதிர்த் திசைக்கு 'கிளையன்ட் டு ஸ்கிரீன்'. கிளையன்ட் என்றால் ஜன்னலின் உட்பகுதி. ஒரு ஜன்னலிலிருந்து நேரே இன்னொரு ஜன்னலுக்கு மாற்ற 'மேப் விண்டோ பாயின்ட்ஸ்'. டாட்நெட்டில் 'பாயின்ட் டு கிளையன்ட்'. க்யூட்டியில் 'மேப் ஃப்ரம் குளோபல்'. ஜாவா ஸ்விங்கில் 'கன்வர்ட் பாயின்ட் ஃப்ரம் ஸ்கிரீன்'. டிகேஇன்டரின் படப்பலகையில் உருட்டலைச் சேர்த்துக் கணக்கிட 'கேன்வாஸ்எக்ஸ்', 'கேன்வாஸ்ஒய்'.

கட்டளை இருக்கிறது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடாது. விண்டோஸில் மவுஸ் நகர்ந்தது என்று வரும் செய்தி ஜன்னல் கணக்கில் வருகிறது. மவுஸின் சக்கரம் சுழன்றது என்று வரும் செய்தியோ திரைக் கணக்கில் வருகிறது. முதலாவதை மாற்றினாலும் தவறு, இரண்டாவதை மாற்றாவிட்டாலும் தவறு. ஆவணத்தைப் படித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

எதிர்த் திசை மாற்றம் எங்கே வேண்டும் என்பதற்கு நமக்கு நெருக்கமான உதாரணம் தமிழ்த் தட்டச்சு. சில தமிழ் எழுதும் மென்பொருள்கள் 'அம்மா' என்று அடிக்கத் தொடங்கியதும் பொருத்தமான சொற்களின் பட்டியலைக் கீழே காட்டும். எழுத்து விழும் இடம் ஜன்னல் கணக்கில் தெரியும். பட்டியலோ தனி ஜன்னல். அதைத் திரைக் கணக்கில்தான் வைக்கவேண்டும். எனவே இங்கே கூட்டல். அதை மறந்தால் சொற்பட்டியல் எழுதும் வரியை விட்டுத் திரையின் ஏதோ ஒரு மூலையில் போய் நிற்கும்.

பிழையைப் பார்த்தே நோயைச் சொல்லலாம்

அனுபவத்தில் நான் கண்டது, இந்தப் பிழைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகத் தோன்றும். பிள்ளைகள் குறித்து வைத்துக்கொண்டால் தேடும் நேரம் மிச்சம்.

ஒன்று: ஜன்னலை நகர்த்தினால் பிழையும் அதே அளவு மாறுகிறது. திரைக் கணக்கை ஜன்னல் கணக்காக மாற்றவில்லை, அல்லது இரண்டு தடவை மாற்றிவிட்டோம்.

இரண்டு: ஜன்னல் எங்கிருந்தாலும் ஏறத்தாழ 30 புள்ளி மேல் கீழாகப் பிழை. உட்பகுதிக்குப் பதில் வெளிச்சட்டத்திலிருந்து அளந்திருக்கிறோம்.

மூன்று: உருட்டினால் மட்டும் பிழை. உருட்டிய அளவைக் கூட்டவில்லை.

நான்கு: இடது மேல் மூலையில் சரியாக இருக்கிறது, வலது கீழ் மூலைக்குப் போகப் போகப் பிழை வளர்கிறது. இது அளவுகோலின் பிழை. விண்டோஸில் எழுத்துகளைப் பெரிதாகக் காட்ட 125, 150 சதவீதம் என்று வைத்திருப்போம். 1920 புள்ளி அகலமுள்ள திரையை 150 சதவீதத்தில் வைத்தால், அதை அறியாத பழைய புரோகிராமுக்கு அது 1280 அகலம் என்றே சொல்லப்படும். உண்மையில் 600இல் இருப்பது அதற்கு 400.

ஐந்து: மேலே தொட்டால் கீழே விழுகிறது. 'ஒய்' திசை தலைகீழ்.

ஆறு: இடப்பக்கம் இரண்டாவது திரை வைத்தவுடன் எல்லாம் கெட்டுப்போகிறது. முதன்மைத் திரையின் மூலைதான் ஆதிப்புள்ளி. அதற்கு இடப்பக்கம் உள்ள திரையில் எண்கள் சுழியத்துக்குக் கீழே போகும். −100 என்பதைக் குறை எண் இல்லை என்று நினைத்து 16 பிட்டில் வாசித்தால் 65436 என்று வரும். இப்படிப்பட்ட பெரிய எண்ணைக் கண்டால் இந்தக் காரணத்தை முதலில் சந்தேகிக்கவும்.

லினக்ஸில் இப்போது பரவலாக உள்ள 'வேலண்ட்' என்னும் முறை, உன் ஜன்னல் திரையில் எங்கே இருக்கிறது என்பதைப் புரோகிராமுக்குச் சொல்வதே இல்லை. ஜன்னல் கணக்கை மட்டும் தரும். பெரும்பாலான வேலைக்கு அதுவே போதும். எனவே புதிதாக எழுதுபவர்களுக்கு என் யோசனை, மவுஸ் நிகழ்ச்சியோடு கருவி தரும் ஜன்னல் கணக்கையே பயன்படுத்துங்கள். திரைக் கணக்கைத் தவிர்க்க முடியாத இடத்தில் மட்டும் தொடுங்கள்.

நிலத்திலும் இதே கணக்கு

இது கணிப்பொறிக்கு மட்டும் உரிய சங்கடம் என்று நினைக்கவேண்டாம். 1802இல் வில்லியம் லாம்ப்டன் சென்னையில் பரங்கிமலை அருகே ஓர் அடிக்கோட்டை அளந்து, இந்தியாவை முக்கோணங்களால் அளக்கும் பெரும் பணியைத் தொடங்கினார். பின்னால் எவரெஸ்ட் காலத்தில் அந்த அளவைக்கு மத்தியப் பிரதேசத்தில் உள்ள கல்யாண்பூர் ஆதிப்புள்ளியாயிற்று. நம் கைத்தொலைபேசியில் உள்ள ஜி.பி.எஸ். பூமியின் மையத்தை ஆதியாகக் கொண்டது. பூமியின் வடிவத்துக்கு இரண்டும் எடுத்துக்கொண்ட அளவும் வேறு. இதனால் ஒரே மலையுச்சிக்கு இரண்டு ஜோடி எண்கள். பழைய வரைபடத்தின் எண்ணை மாற்றாமல் அப்படியே ஜி.பி.எஸ்ஸில் போட்டால் எங்கள் பகுதியில் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப் போய் நிற்போம். படிநிலத்தில் நூறு மீட்டர் என்பது பல குடும்பங்களின் பாத்திகளைத் தாண்டிய தூரம்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது வெறும் கணக்கு அல்ல. 2006இல் நீலக்குறிஞ்சியைக் காக்கக் குறிஞ்சிமலை சரணாலயம் அறிவிக்கப்பட்டது. கொட்டக்கம்பூர் கிராமத்தின் 58ஆம் பிளாக், வட்டவடை கிராமத்தின் 62ஆம் பிளாக் ஆகியவற்றில் ஏறத்தாழ 3200 ஹெக்டேர் பரப்பு அதில் குறிக்கப்பட்டது. மக்கள் உரிமை கோரும் நிலங்களும் அந்தப் பரப்புக்குள் வந்தன. காட்டின் எல்லை எது, தோட்டத்தின் எல்லை எது, எந்தப் பட்டா செல்லும் என்று பல ஆண்டுகள் விசாரணை நடந்தது. இதில் சட்டம், ஆவணம், அரசியல் எல்லாம் உண்டு. அவற்றைத் தீர்க்கக் கணக்கால் ஆகாது. ஆனால் காகிதத்தில் உள்ள எல்லையை நிலத்தில் காட்டவேண்டிய நேரம் வரும்போது, இந்தக் கோடு எந்தக் கல்லிலிருந்து அளந்தது என்ற கேள்வி தவறாமல் எழும்.

2022 நவம்பரில் கேரள அரசு 'என்டே பூமி' என்ற பெயரில் டிஜிட்டல் மறு அளவையைத் தொடங்கியது. செயற்கைக்கோள் உதவியால் அளப்பதால் ஒவ்வொரு மூலைக்கும் உலகக் கணக்கில் எண் கிடைக்கும். பழைய அளவைப் படங்களோ அங்கங்கே நட்ட கற்களிலிருந்து சங்கிலி பிடித்து அளந்தவை. ஒன்றை மற்றொன்றின்மேல் பொருத்த, இரண்டிலும் அடையாளம் காணக்கூடிய கற்கள் வேண்டும்.

இங்கே திரைக்கும் நிலத்துக்கும் ஒரு வித்தியாசம். ஜன்னல் திரையில் சாய்ந்து நிற்பதில்லை. எனவே அதன் ஒரு மூலை தெரிந்தால் போதும், கழித்துவிடலாம். பழைய படம் புதியதோடு ஒப்பிட்டால் நகர்ந்தும் இருக்கலாம், சற்றுத் திரும்பியும் இருக்கலாம், அளவு கூடிக் குறைந்தும் இருக்கலாம். ஒரு கல்லைப் பொருத்தினால் நகர்ந்தது மட்டும் தெரியும். இரண்டு கற்களைப் பொருத்தினால் திரும்பியதும் அளவு மாறியதும் தெரியும். மூன்றாவது கல் இருந்தால்தான் முதல் இரண்டும் சரிதானா என்று சோதிக்க முடியும். அதனால்தான் பெரியவர்கள் எல்லைக்கல்லைப் பெயர்க்காதே என்று பிள்ளைகளை அதட்டினார்கள். கல் போனால், அதிலிருந்து அளந்த எண் காகிதத்தில் இருந்தும் உபயோகமில்லை.

ஊரில் நிலம் வைத்திருக்கும் அன்பர்கள், அடுத்த முறை போகும்போது தம் நிலத்தின் மூலைக் கற்களை ஒரு தடவை சுற்றிப் பார்த்து, பழைய படத்தில் எந்தக் கல் எது என்று பெரியவர்களிடம் கேட்டுக் குறித்து வருவது நல்லது. கேட்டுச் சொல்ல ஆள் இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.

புரோகிராம் எழுதும் பிள்ளைகளுக்கு ஒரு சிறு பழக்கம் சொல்லி முடிக்கிறேன். எந்த எண்ணுக்கும் வெறுமனே 'எக்ஸ்', 'ஒய்' என்று பெயர் வைக்காதீர்கள். 'திரை எக்ஸ்', 'ஜன்னல் எக்ஸ்', 'பட எக்ஸ்' என்று, எங்கிருந்து அளந்தது என்பது பெயரிலேயே தெரியும்படி வையுங்கள். திரை எக்ஸையும் ஜன்னல் எக்ஸையும் ஒரே வரியில் ஒப்பிட்டு எழுத நேர்ந்தால் உங்கள் கண்ணே உங்களை நிறுத்திவிடும். பிழைகளில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.